டைனமோவுக்குப் பின்னால் ஒரு நம்பர்

பழைய காரில் இன்ஜின் நம்பரைத் தேடுகிறவர்கள் பானெட்டைத் தூக்கியதும் மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். ஏர் கிளீனர் தெரியும், டேப்பட் கவர் தெரியும், பேட்டரி தெரியும். நம்பர் மட்டும் தெரியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ரேடியேட்டர் மூடியில் இருக்கிற எண்ணைக்கூட எழுதிக்கொண்டு போனவர்கள் உண்டு.

தொழிற்சாலையில் நம்பரை அடித்தவர் இன்ஜினை இந்தக் கோணத்தில் பார்க்கவே இல்லை. அவர் முன்னால் இருந்தது ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜின். கை எட்டுகிற உயரத்தில், மெஷின் பிடித்துச் சமமாக்கிய ஒரு சின்னப் பட்டையில், பஞ்சை வைத்துச் சுத்தியலால் அடித்துவிட்டு அடுத்த இன்ஜினுக்குப் போய்விட்டார். அப்புறம்தான் அது வண்டிக்குள் இறங்கியது. ஸ்டீயரிங் ராடு, டைனமோ, பேட்டரித் தட்டு, ஒயர், ஹோஸ் எல்லாம் வந்து அந்த இடத்தை மறைத்தன. கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி இதை ஒரே வரியில் முடித்துவிடுவார். "மொதல்ல மனசுக்குள்ள இன்ஜினக் கீழ எறக்கி வை தம்பி. அப்பறமாத் தேடு."

இன்றைக்கும் தெரியாத வண்டி ஒன்று பட்டறைக்குள் வந்தால் நான் அப்படித்தான் தேடுகிறேன். பிளாக்கில் கையால் தடவினால் மணல் அச்சில் வார்த்த சொரசொரப்பு இருக்கும். அதன் நடுவே எங்கேயாவது வழவழப்பாக விரலகலப் பட்டை தட்டுப்பட்டால், நம்பர் பெரும்பாலும் அங்கேதான். ஹெட் உட்காரும் விளிம்புக்குக் கீழே, கியர்பாக்ஸ் சேரும் முகத்தருகே, முன்பக்கத் தண்ணீர் பம்புக்குப் பின்னால் என்று மூன்று இடங்களைத் தடவிவிட்டால் பாதி வண்டிகளுக்கு விடை கிடைத்துவிடும்.

இன்னொன்றையும் அந்த விரலே சொல்லிவிடும். மேலே புடைத்து நிற்கிற எழுத்து வார்ப்பிலேயே வந்தது. ஒரே அச்சில் வார்த்த ஆயிரக்கணக்கான பிளாக்குகளிலும் அதே எண்தான் இருக்கும். உள்ளே பள்ளமாக இறங்கியிருக்கிற எண்தான் இந்த ஒரு இன்ஜினுக்கு உரியது. வார்ப்பு எண்ணை இன்ஜின் நம்பர் என்று எழுதிக்கொடுத்து, இன்ஷூரன்ஸ் பேப்பரிலும் அதுவே ஏறி, பத்து வருஷம் யாரும் கேட்காமல் ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். யாரும் பானெட்டைத் திறக்காத வரைக்கும் எந்த எண்ணும் சரியான எண்தான்.

திறக்கிறவர் பிரேக் இன்ஸ்பெக்டர். அரசாங்கப் பேரில் மோட்டார் வாகன ஆய்வாளர். சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்க 25ஆம் நம்பர் படிவம், பேர் மாற்ற 29ம் 30ம், வேறு மாநிலத்துக்குப் போக 28. இவற்றோடு சேசிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்த பிரிண்ட் கேட்பார்கள். இன்ஜின் நம்பர் பிரிண்டும் கேட்பது உண்டு. புதுப்பித்தால் 5 வருஷத்துக்குச் செல்லும். 2022 ஏப்ரலுக்கு முன்பு காருக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாய். அந்த மாதத்திலிருந்து 5,000 ஆனது. அவ்வளவு பணம் கட்டிவிட்டு, நம்பர் படிக்க முடியவில்லை என்று வண்டியைத் திருப்பி அனுப்பினால் ஓனருக்கு வருகிற கோபம் நம்மேல்தான் இறங்கும். அதனால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வண்டி கிளம்பும் முன்பே நம்பரைக் கண்டுபிடித்து, துடைத்து, ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிடுவது எங்கள் பட்டறை வழக்கம்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 122ஆம் விதி, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் தயாரித்த மாதமும் வண்டியில் எப்படிப் பதிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அது 1990களின் சங்கதி. அதற்கு முந்தைய வண்டிகளில் அந்தந்தத் தொழிற்சாலையின் பழக்கம்தான் சட்டம்.

அம்பாசடரை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 வரை செய்த வண்டி. உடம்பு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி, இன்ஜின் இங்கிலாந்துக் கம்பெனியான பி.எம்.சி.யின் பி-சீரீஸ், 1489 சி.சி. அந்த இன்ஜினுக்குக் கார்பரேட்டரும் மேனிஃபோல்டும் இடப்பக்கம். டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டர், ஆயில் ஃபில்டர், டைனமோ எல்லாம் வலப்பக்கம், அதாவது டிரைவர் பக்கம். இந்த வகை இன்ஜினுக்கு நம்பர் இருக்கும் இடமும் அந்தப் பக்கம்தான், டைனமோ பிராக்கெட்டுக்கு மேலே. பி.எம்.சி. வழக்கப்படி அது பிளாக்கிலேயே அடித்ததாக இருக்காது. ஒரு சின்னத் தகட்டில் அடித்து, தகட்டைப் பிளாக்கில் ரிவிட் வைத்திருப்பார்கள்.

எனக்கு அந்த ஏற்பாட்டில் நம்பிக்கை கிடையாது. தகடு என்பது கழற்ற வருகிற பொருள். இன்ஜினைப் போர் போட லேத்துக்கு அனுப்பினால், பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அதில் பாதி நாள் கிடந்தால் ரிவிட்டோடு தகடும் ஆடும். பெயிண்ட் அடிக்கிற பையன் இடைஞ்சலாக இருக்கிறது என்று நெம்பி எடுத்து டப்பாவில் போட்டுவிடுவான். கழன்றால் கூடப் பரவாயில்லை. ஒரு பிளாக் வெடித்துப்போய் வேறு பிளாக் வாங்கி மாட்டும்போது, பழைய தகட்டைப் புதிய பிளாக்கில் ரிவிட் வைத்துவிட்டால் ஆர்.சி.யோடு அச்சுப் பிசகாமல் பொருந்தும், ஆனால் அது பொய். தகட்டைப் பார்த்துவிட்டு ரிவிட்டைப் பார்க்காமல் வருகிறவனை நான் பாதி மெக்கானிக் என்றுதான் சொல்வேன். தொழிற்சாலை ரிவிட்டும் பிளாக்கும் ஒன்றாகக் கறுத்திருக்கும். பின்னால் வைத்த ரிவிட் எப்படியும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

1990களில் அம்பாசடரிலேயே இசுசு இன்ஜின் வந்துவிட்டது, 1800 சி.சி. பெட்ரோல், ஐந்து கியர். பின்னால் இசுசு டீசலும் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதே அம்பாசடர். ஆனால் பி.எம்.சி. இன்ஜினுக்குச் சொல்லும் இடத்தில் தேடினால் எதுவும் கிடைக்காது. அதனால்தான் வண்டி என்ன மாடல் என்று கேட்பதைவிட உள்ளே என்ன இன்ஜின் என்று கேட்பது முக்கியம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் செய்த வண்டி. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டுதான் மூலம். முதலில் வந்தவை 948 சி.சி. பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டோடு முன்பக்கம் முழுசும் முன்னால் சாய்ந்துகொடுக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே வேலை பார்க்கலாம். இப்படி ஒரு வண்டியை அப்புறம் யாருமே மெக்கானிக்கை மனதில் வைத்துச் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். இந்த இன்ஜின் குடும்பத்தில் நம்பர் பிளாக்கின் இடப்பக்கம், ஹெட்டுக்குக் கீழே, பின்பக்கம் தள்ளி ஒரு விளிம்பில் பஞ்ச் ஆகியிருக்கும். டிரயம்ஃப் வழக்கப்படி நம்பரின் கடைசியில் ஆங்கில ஈ எழுத்து இருந்தால் அது இன்ஜினுக்கு உரிய எண் என்று அர்த்தம். வண்டிக்கான எண் தகட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க நல்ல அடையாளம். அந்த ஈயைச் சிலர் ஆர்.சி.யில் விட்டிருப்பார்கள், சிலர் மூன்று என்று எழுதியிருப்பார்கள்.

நீலகிரி எஸ்டேட்டுகளிலிருந்து எப்போதாவது ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மலை இறங்கி வரும். அதற்கு முன்னால் திறந்தால் டிக்கி, இன்ஜின் பின்னால். நம்பர் டைனமோ உட்கார்ந்திருக்கும் தூணின் அடியில், கிராங்க் கேஸில் அடித்திருக்கும். முதல் எழுத்தே இன்ஜினின் வகையைச் சொல்லிவிடும். டி என்றால் 1200. கிராங்க் கேஸ் இரும்பு இல்லை, மெக்னீசியக் கலவை. ஒயர் பிரஷ்ஷைப் போட்டு அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு நம்பரும் போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணி போதும். நாலு போல்டைக் கழற்றினால் இன்ஜின் கையோடு வந்துவிடுகிற வண்டி என்பதால், பீட்டிலில் தொழிற்சாலை இன்ஜினே இருந்தால்தான் ஆச்சரியம்.

ஜீப்புக்கு வருவோம். மஹிந்திராவின் பழைய சி.ஜே. 3பி ஜீப்புகளில் வில்லிஸ் ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். நம்பர் பிளாக்கின் வலப்பக்கம் முன்னால், தண்ணீர் பம்புக்குப் பின்னாலிருக்கும் திட்டில். தண்ணீர் பம்பு ஒழுகாத ஜீப்பை நான் பார்த்ததில்லை, அதனால் அந்தத் திட்டு துருவேறிப் பொருக்குத் தட்டிப்போயிருக்கும். ஜீப்பில் பெரிய பிரச்சினை அதுவும் இல்லை. மலையில் ஓடின ஜீப்புகள் பலவற்றில் ஹரிக்கேனை எடுத்துவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல் என்றிருக்கும். டேங்க்கில் டீசல் இருக்கும்.

இது ஜீப்போடு நிற்கவில்லை. கொங்குப் பக்கத்தில் பெட்ரோல் அம்பாசடருக்கு மெட்டடார் இன்ஜின் மாற்றுவது ஒரு காலத்தில் தனித் தொழிலாகவே நடந்தது. பஜாஜ் டெம்போவின் மெட்டடார் வேனில் இருந்தது மெர்சிடிஸ் பென்ஸிடமிருந்து உரிமம் பெற்றுச் செய்த டீசல் இன்ஜின். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலை வித்தியாசம் அதிகமிருந்த காலத்தில், கோயம்புத்தூரிலிருந்து பழனிக்கும் குருவாயூருக்கும் கல்யாண வீட்டாரை ஏற்றி ஓட்டின டாக்ஸிக்காரர்களுக்கு அது லாபக் கணக்கு. மவுண்டிங் வெட்டி, அடாப்டர் போட்டு, ஏற்றிவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி இப்படி மாற்றினால் ரிஜிஸ்டர் செய்த ஆபீசில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். சிலர் ஏற்றினார்கள். பலர் ஏற்றவில்லை.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து அப்படி ஒரு அம்பாசடர் வந்தது. அப்பா ஓட்டின வண்டி. அவர் போனபின் ஷெட்டில் கிடந்தது. மகன் பெங்களூரில் வேலையாக இருப்பவர், வண்டியை விற்க மனசில்லாமல் தன் பேருக்கு மாற்ற வந்திருந்தார். கூட அவருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். பானெட்டைத் தூக்கினால் உள்ளே மெட்டடார். ஸ்மார்ட் கார்டில் இருக்கிற நம்பருக்கும் பிளாக்கில் இருக்கிற நம்பருக்கும் ஒரு இலக்கம்கூட ஒத்துவரவில்லை.

கூட வந்த புரோக்கர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னார். "அண்ணா, பஞ்ச் செட்டு உங்ககிட்ட இருக்குதுங்களே. பழசத் தேச்சுப்போட்டு கார்டுல இருக்கற நம்பரையே அடிச்சுப்போடலாமுங்க. கெடக்குது."

பஞ்ச் செட் என்னிடம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பேரிங் மூடிகளுக்கு வரிசை எண் அடிப்பதற்கு அது இல்லாமல் முடியாது. பிளாக்கில் அடிக்க நான் அதை எடுத்ததில்லை, எடுக்கப்போவதும் இல்லை. இதில் தர்மம் ஒரு பக்கம், உலோகம் ஒரு பக்கம். பஞ்ச் அடிக்கும்போது மேலே தெரிகிற பள்ளத்தோடு சமாச்சாரம் முடிவதில்லை. அதற்கு அடியில் இருக்கிற உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேல்தோலைத் தேய்த்து எடுத்தாலும் அந்த நசுக்கம் உள்ளே இருக்கும். தடயவியல் ஆட்கள் அந்த இடத்தை வழவழப்பாக்கி ரசாயனம் தடவுவார்கள். எஃகுக்கு ஃப்ரை கரைசல் என்று காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த ஒன்று. இறுகின உலோகமும் இறுகாத உலோகமும் அந்த அமிலத்தில் ஒரே வேகத்தில் அரிக்காது. தேய்த்த நம்பர் நிழல் மாதிரி மேலே வரும். வார்ப்பிரும்பில் எஃகு அளவுக்குச் சுலபமில்லை என்றாலும், தேய்த்த இடம் தேய்த்த இடமாகத்தான் தெரியும். அனுபவமுள்ள இன்ஸ்பெக்டருக்கு அமிலமே வேண்டாம். தொழிற்சாலை எழுத்தின் வடிவமும் இடைவெளியும் அவர்களுக்கு மனப்பாடம்.

நான் அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஏனுங்கம்மா, பழைய ஆர்.சி. புக்கு வெச்சிருக்கீங்களா? இந்தக் கார்டு வர்றதுக்கு முன்னாடி புக்கா இருந்திருக்குமே."

"அவரு எதையுந் தூக்கிப் போடமாட்டாருங்க தம்பி. பீரோவுல பாக்கோணும்" என்றார்கள்.

அடுத்த வாரம் மகன் புக்கைக் கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் பெட்ரோல் இன்ஜின் நம்பர். பின்பக்கங்களில் தவணைக் கடன் தீர்ந்த முத்திரை, வரி முத்திரை. அவற்றுக்கு இடையே நீல மையில், டீசல் இன்ஜினாக மாற்ற அனுமதித்து, புது நம்பரையும் எழுதி, கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் இருந்தன. பிளாக்கில் இருந்த அதே நம்பர். புக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது முதல் பக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புக்கைக் காட்டித் திருத்தத்துக்கு மனுக் கொடுத்தார்கள். நாளானது, ஆனால் நடந்தது. புரோக்கர் சொன்னபடி செய்திருந்தால், சட்டப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியை நாமே திருட்டு வண்டியாக ஆக்கியிருப்போம்.

எல்லார் வீட்டுப் பீரோவிலும் புக் இருக்காது. சென்னைப் புதுப்பேட்டையிலோ இங்கே உக்கடத்திலோ பழைய இரும்புக் கடையில் பிளாக் வாங்கி மாட்டியிருப்பார்கள், பில் இருக்காது. அப்படி வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் அந்த பிளாக் எந்த வண்டியுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். களவுபோன வண்டிகளின் பட்டியலில் அந்த இன்ஜின் நம்பர் இருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகனத் தேடலில் பார்க்கலாம். அது சுத்தமாக இருந்தால்தான் மேற்கொண்டு ஆபீஸ் வேலை. பழைய பிளாக் வாங்கும்போது நம்பர் தேய்ந்ததை மலிவாகத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். மலிவாகத் தருவதற்குக் காரணம் அந்தத் தேய்மானம்தான்.

துடைக்கிற முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பர் கெடுவது பெரும்பாலும் தேடுகிறவன் கையில்தான். முப்பது வருஷத்து ஆயிலும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரி கெட்டிப்பட்டிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டத் தோன்றும். சுரண்டக் கூடாது. டீசல் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் காலையில் துணியோடு வந்துவிடும். துரு இருந்தால் நயமான எமரி சீட், அதுவும் ஒரே திசையில், லேசாக. கிரைண்டரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. காய்ந்ததும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து மேலே துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். கரிய பிளாக்கில் எண்கள் பளிச்சென்று எழும்.

பிரிண்ட் எடுக்க இரண்டு வழி. மெல்லிய காகிதத்தை வைத்து, மிருதுவான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பது பழைய வழி. பென்சிலை நேரே நம்பர்மேல் தேய்த்துவிட்டு, செலோ டேப்பை ஒட்டி உரித்து, படிவத்தில் ஒட்டுவது இப்போதைய வழி. கை நுழையாத இடத்துக்கு டேப்தான். ஆனால் டேப் எடுக்கும்போது விரல் நடுங்கினால் மூன்று எட்டாகிவிடும். படிப்பதில் எப்போதும் சண்டை போடுகிற ஜோடிகள் சில உண்டு: மூன்றும் எட்டும், ஐந்தும் எஸ்ஸும், பூஜ்யமும் ஓவும், ஒன்றும் ஐயும். இப்போதைய 17 இலக்க சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் தள்ளிவைத்ததற்குக் காரணம் இந்தக் குழப்பம்தான். பழைய இன்ஜின் நம்பருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சந்தேகம் வந்தால் அதே நம்பரில் நிச்சயமாகத் தெரிகிற இன்னொரு எட்டைத் தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். எட்டின் இடுப்பு ஒடுங்கியிருக்கும் விதம் ஒரே பஞ்சில் மாறாது.

பட்டறையில் இன்ஜின் இறக்குகிற ஒவ்வொரு வண்டிக்கும் பிரிண்ட் எடுத்து, வண்டி நம்பரோடு பதிவேட்டில் ஒட்டிவைக்கிறேன். இறக்கிவைத்திருக்கும்போது எடுப்பது ஐந்து நிமிஷ வேலை. ஏற்றினபின் அரை நாள். பையன்கள் போனில் படம் எடுத்தால் போதாதா என்கிறார்கள். அவர்கள் போனை மாற்றும்போது படமும் போய்விடுகிறது, பதிவேடு அலமாரியிலேயே இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங் கடைக்காரர்கள் சிலர் வண்டி வாங்கும் முன் எனக்குப் போன் போட்டு, "அண்ணா, இந்த நம்பர் உங்க நோட்டுல இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள். இருந்தால் சொல்வேன். பணம் வாங்குவதில்லை, ஆனால் அடுத்த தடவை இன்ஜின் வேலை எனக்கு வரும்.

இப்போது 15 வருஷம் முடிந்து வருகிற வண்டிகள் வேறு ரகம். பல இன்ஜின்களில் பிளாக்கே அலுமினியம். நம்பரைச் சுத்தியலால் அடிப்பதில்லை. ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறார்கள். ஆழமே இல்லை. பென்சிலில் தேய்த்தால் வெறும் கறுப்புப் பட்டைதான் வருகிறது. அந்த வண்டிகளுக்கு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, நிழல் விழும்போது போனில் படம் எடுக்கச் சொல்கிறேன். மேனிஃபோல்டின் சூட்டுத் தகட்டை மட்டும் முதலில் கழற்றிவிடுங்கள். பல வண்டிகளில் நம்பர் அதற்கு அடியில்தான்.